சபையும் தலைவரும்: எந்தக் கதவுக்கு யாரிடம் சாவி?

மழை விட்டு மூன்று வாரம். பாடசாலை மண்டபத்தில் பாய் விரித்திருக்கும் குடும்பங்களில் ஒன்றை நினைத்துக்கொள்வோம். லயத்தின் பின்சுவர் வெடித்துவிட்டது. மேலே மண் இறங்கிக்கொண்டிருக்கிறது. திரும்பிப் போக வேண்டாம் என்று அதிகாரிகள் சொல்லிவிட்டார்கள். லயத்தின் பின்னால் போட்டிருந்த மரக்கறித் தோட்டமும் மிளகுக் கொடியும் மாட்டுக் கொட்டிலும் போய்விட்டன. குடும்பத் தலைவர் ஒரு நீண்ட கொப்பித் தாளில் விண்ணப்பம் எழுதிக் கையில் வைத்திருக்கிறார். அதை எங்கே கொடுப்பது?

தோட்டத் தலைவரிடம் போனார். “தலைவரே, நம்ம பேரு லிஸ்டுல இருக்குதா?” என்று கேட்டார். “தொரைகிட்ட பேசிட்டுச் சொல்றேன்” என்றார் தலைவர். துரையோ, “காணி அரசாங்கத்துடையது, பிரதேச செயலகத்தில் கேளுங்கள்” என்றார். பிரதேச செயலகத்தில், “கம்பனியின் சம்மதக் கடிதம் வேண்டும்” என்றார்கள். பெயர் ஒன்றுபோல் இருந்ததால் தவறுதலாகப் பிரதேச சபைக்குப் போனார். அங்கே, “வீடு எங்கள் வேலை அல்ல, வீதி வந்தால் பார்ப்போம்” என்றார்கள். ஐந்து நாட் சம்பளமும் பஸ் செலவும் போயின. தாள் கையிலேயே இருக்கிறது.

இது ஒரு குடும்பத்தின் கதை மட்டுமல்ல. இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களில் இடம்பெயர்ந்த பலரும் இந்த வட்டத்தைச் சுற்றியிருக்கிறோம். ஏன் இப்படி நடக்கிறது? ஊரில் அதிகாரம் ஒரே இடத்தில் இல்லை. சட்டத்தால் வந்த அதிகாரம் ஒன்று உண்டு. பழக்கத்தால் வந்த அதிகாரம் இன்னொன்று உண்டு. இவை இரண்டும் எங்கே சந்திக்கின்றன, எங்கே மோதுகின்றன என்பதை விளங்கிக்கொண்டால் அலைச்சல் பாதி குறையும். இந்தப் பாடத்தின் நோக்கம் அதுவே.

1. கிராமத்தில் இருந்த பழைய அதிகாரம்

சப்ரகமுவ கண்டி இராச்சியத்தின் ஒரு பகுதியாக இருந்தது. அரசனின் பெயரால் திசாவ ஆட்சி செய்தார். அவருக்குக் கீழே கோறளைகளையும் கிராமங்களையும் பார்க்கத் தலைமைக்காரர்கள் இருந்தார்கள். கிராமத்து மூத்தோர் கூடி எல்லைத் தகராறு, நீர்ப் பங்கீடு, களவு முதலியவற்றைத் தீர்த்தார்கள். இந்தக் கூட்டத்தைக் கம்சபா என்றார்கள்.

1815 மார்ச் 2ஆம் திகதி கண்டி ஒப்பந்தம் எழுதப்பட்டது. இராச்சியம் ஆங்கிலேயர் கைக்கு வந்தது. அவர்கள் பழைய தலைமைக்காரர்களை ஒரேயடியாக நீக்கிவிடவில்லை. சம்பளமும் பட்டமும் கொடுத்துத் தங்கள் ஆட்சியின் கையாக வைத்துக்கொண்டார்கள். ரட்டே மகாத்மயா, கோறளை, ஆராச்சி என்ற படிகள் இவ்விதமே நீடித்தன. 1871ல் ஒரு கட்டளைச் சட்டத்தின் மூலம் கம்சபா முறைக்கு மீண்டும் உயிர் கொடுத்தார்கள். 1889ல் சப்ரகமுவ தனி மாகாணமாகியது.

காலம் மாறியது. 1946 அளவில் ரட்டே மகாத்மயா பதவி மறைந்து, காரியாதிகாரி என்ற அரச உத்தியோகத்தர் வந்தார். 1963ல் கிராமத் தலைமைக்காரர் பதவி நீக்கப்பட்டு, கிராம சேவகர் நியமிக்கப்பட்டார். நாம் இன்று ஜி.எஸ். ஐயா என்று அழைக்கும் கிராம உத்தியோகத்தர் அந்தப் பதவியின் தொடர்ச்சியே. பரம்பரையால் வந்த தலைமை பரீட்சை எழுதி வந்த உத்தியோகமாக மாறியது. ஆனாலும் கிராமத்தில் விகாரைத் தேரரின் சொல்லுக்கும் மரண உதவிச் சங்கத் தலைவரின் சொல்லுக்கும் மதிப்பு இருந்துகொண்டே இருக்கிறது.

2. தோட்டத்தில் இருந்த வேறு அதிகாரம்

கிராமத்துக்குப் பக்கத்திலேயே இருந்தாலும் தோட்டம் வேறு நாடு போல இருந்தது. ஆராச்சியின் அதிகாரம் தோட்டத்து எல்லைக் கல்லோடு நின்றது. உள்ளே துரை. அவருக்குக் கீழே பெரிய கங்காணி.

கங்காணி வெறும் வேலை மேற்பார்வையாளர் அல்ல. தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து ஆட்களைத் திரட்டி வந்தவர் அவரே. கடன் கொடுத்தவரும் அவரே. கல்யாணம் பேசினார், சண்டை தீர்த்தார், மாரியம்மன் திருவிழாவில் முதல் மரியாதை பெற்றார். கடன் தீர்ந்தாலொழிய வேறு தோட்டத்துக்குப் போக முடியாதபடி ‘துண்டு’ முறை ஆளைக் கட்டி வைத்திருந்தது. அந்த முறை 1921ல் ஒழிக்கப்பட்டது. ஆக, நமது பாட்டன்மாருக்குத் தெரிந்த உள்ளூராட்சி என்பது துரையும் கங்காணியும்தான். வாக்குப் போட்டு யாரும் அவர்களைத் தெரிவு செய்யவில்லை.

பிறகு தொழிற்சங்கம் வந்தது. 1939ல் நேரு இலங்கைக்கு வந்த வேளையில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் உருவாயிற்று. 1940ல் முல்லோயாத் தோட்டப் போராட்டத்தில் கோவிந்தன் சுட்டுக் கொல்லப்பட்டார். அதே ஆண்டில் துரைமார் சங்கத்துக்கும் தொழிற்சங்கங்களுக்கும் இடையே ஏழு அம்ச ஒப்பந்தம் ஏற்பட்டது. அதன் பின்னரே தோட்டத்துக்குள் சங்கத்தின் குரல் மெதுவாக ஒலிக்கத் தொடங்கியது. கங்காணியின் இடத்தைச் சிறிது சிறிதாகத் தோட்டத் தலைவர் பிடித்தார்.

இந்தத் தலைவரைத் தொழிலாளர்கள் தாமே தெரிவு செய்கிறார்கள். இது முன்னேற்றம்தான். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தலைவரின் அதிகாரம் சங்கத்திலிருந்தும் வழக்கத்திலிருந்தும் வருகிறது. உள்ளூராட்சிச் சட்டத்திலிருந்து வரவில்லை. அவர் சபையின் பணத்தில் ஒரு ரூபாயைக்கூடச் செலவிட முடியாது. ஆனால் அவர் ‘சரி’ சொல்லாமல் தோட்டத்தில் ஒரு கூட்டமும் நடக்காது.

3. ஏன் சபை தோட்டத்துக்குள் வரவில்லை?

இதற்கு விடை வாக்குரிமைச் சரித்திரத்தில் இருக்கிறது.

1937ல் கிராமச் சங்கச் சட்டத்தைத் திருத்தியபோது, தோட்டத் தொழிலாளர்களுக்குக் கிராமச் சங்கத் தேர்தலில் வாக்களிக்கும் உரிமை மறுக்கப்பட்டது. அந்த நேரத்தில் அரசாங்க சபைத் தேர்தலில் நம்மவரில் பலருக்கு வாக்கு இருந்தது. நாட்டின் சட்டசபைக்கு வாக்குப் போடலாம், பக்கத்துக் கிணற்றைப் பற்றி முடிவு செய்யும் சபைக்குப் போட முடியாது என்ற நிலை!

சுதந்திரம் வந்த 1948ல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. நம்மில் பெரும்பாலோர் நாடற்றவர்களானோம். வாக்கும் போயிற்று. 1964 ஒக்டோபரில் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. மிகுதி 1,50,000 பேரை 1974ல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. நாடற்ற நிலை முழுமையாகத் தீர்வதற்கு 1986, 1988, 2003 ஆகிய ஆண்டுகளின் சட்டங்கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இதற்கிடையில் 1977, 1981, 1983 வன்செயல்களின்போது சப்ரகமுவத் தோட்டங்களிலிருந்து பல குடும்பங்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடின. 1981 ஆகஸ்டில் இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்கள் கடுமையாகத் தாக்கப்பட்டன. ஓடியவர்களில் ஒரு பகுதியினர் வவுனியா, கிளிநொச்சிப் பகுதிகளில் காடு வெட்டி விவசாயிகளானார்கள். இங்கே மிஞ்சியவர்கள் எண்ணிக்கையில் குறைந்து, பல சபைகளின் எல்லைகளுக்குள் சிதறிப்போனார்கள். நுவரெலியாவில் போல ஒரு சபையைக் கைப்பற்றும் பலம் நமக்கு இல்லை. எட்டியாந்தோட்டை, தெஹியோவிட்ட, தெரணியகல, பலாங்கொடை, இறக்குவானை, காவத்தை என்று எங்கும் கொஞ்சம் கொஞ்சமாக இருக்கிறோம்.

வாக்கில்லாத மக்களுக்குச் சபை வீதி போடுமா? போடவில்லை. வாக்கு வந்த பின்னரும் சட்டம் தடையாக நின்றது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டம் வந்தது. 1991ல் முதலாவது பிரதேச சபைத் தேர்தல் நடந்தது. நம்மவர் சிலர் உறுப்பினராகவும் தெரிவானார்கள். ஆனால் பொது வசதிகள் பற்றிய அச்சட்டத்தின் 33ஆம் பிரிவு தோட்டக் குடியிருப்புகளை உள்ளடக்கியதாக இருக்கவில்லை. தோட்டத்துக்குள் செலவு செய்தால் கணக்காய்வில் கேள்வி வரும் என்று சபைகள் பின்வாங்கின. தோட்டக் காணிகளுக்கு ஏக்கர் வரி அறவிடச் சபைக்கு அதிகாரம் இருந்தது; அந்தக் காணியில் வாழ்ந்தவனுக்கு ஒரு தெருவிளக்குப் போட வழியிருக்கவில்லை.

2018ல் 30ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் இந்தத் தடையை நீக்கியது. தோட்டப் பகுதிகளிலும் வீதி, கிணறு முதலான பொதுத் தேவைகளைச் செய்ய பிரதேச சபைகளுக்கு வழி திறந்தது. 1937க்கும் 2018க்கும் இடையே எண்பத்தொரு ஆண்டுகள்! இந்த எண்ணை நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

ஆனால் கதவு திறந்தது என்பதற்காக எல்லாம் தானாக நடந்துவிடாது. நிலம் இன்னும் அரசுக்குச் சொந்தமாகவும் 1992க்குப் பின் வந்த கம்பனிகளின் நீண்டகாலக் குத்தகையிலும் இருக்கிறது. ஆகவே சபை உள்ளே வேலை செய்யும்போது நிர்வாகத்தோடு பேசியே ஆக வேண்டும். பேச வைப்பது யார்? அங்கேதான் தோட்டத் தலைவரும் கோயில் கமிட்டியும் மாதர் சங்கமும் தேவைப்படுகின்றன.

4. பக்கத்திலேயே ஓர் உதாரணம்

பழைய அதிகாரமும் சபை அதிகாரமும் சேர்ந்து வேலை செய்ய முடியுமா? முடியும் என்பதற்கு இரத்தினபுரியிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. அது மகா சமன் தேவாலயம்.

அத்தேவாலயத்தின் உலகியல் காரியங்களைப் பார்ப்பவர் பஸ்நாயக்க நிலமே. கண்டி அரசர் காலத்திலிருந்து வரும் பதவி இது. ஆனால் இன்று தந்தைக்குப் பின் மகன் என்று அது போவதில்லை. 1931ஆம் ஆண்டின் பௌத்த விகாரை, தேவாலகமைச் சட்டத்தின்படி வாக்களித்துத் தெரிவு செய்யப்படுகிறார். தேவாலயத்தின் சொத்துக்குச் சட்டப்படி கணக்குக் காட்ட வேண்டியவராகவும் இருக்கிறார்.

ஆண்டுதோறும் எசல பெரஹரா வருகிறது. யார் முன்னே போவது, எந்தக் குடும்பம் எந்தக் கடமையைச் செய்வது என்பதெல்லாம் தேவாலயத்தின் வழக்கப்படி நடக்கும். அதில் சபை தலையிடுவதில்லை. வீதி, குப்பை, தண்ணீர் என்பன உள்ளூராட்சி மன்றங்களினதும் அரச திணைக்களங்களினதும் பொறுப்பு. அதை நிலமே தன் கையால் செய்வதில்லை. இருவரும் முன்கூட்டியே உட்கார்ந்து பேசுகிறார்கள்.

இதில் நமக்கு மூன்று பாடங்கள் உண்டு. பழைய பதவி சட்டத்தில் எழுதப்பட்டிருக்கிறது. பதவிக்கு வருபவர் தெரிவு செய்யப்படுகிறார். பணத்துக்குக் கணக்கு இருக்கிறது. நமது தோட்டத்துத் தலைமைகளுக்கு இரண்டாவது ஓரளவு உண்டு. முதலாவதும் மூன்றாவதும் பல இடங்களில் இல்லை.

5. தூர தேசத்தில் இன்னோர் உதாரணம்

1860 நவம்பர் 16ஆம் திகதி ‘ட்ரூரோ’ என்ற கப்பல் சென்னையிலிருந்து தென்னாபிரிக்காவின் டர்பன் துறைமுகத்துக்குக் கரும்புத் தோட்டக் கூலிகளை ஏற்றிச் சென்று இறக்கியது. அவர்களில் தமிழர் பலர். நம் பாட்டன்மார் கோப்பித் தோட்டத்துக்கு நடந்த காலமும் அதுவே.

அந்த டர்பன் நகரம் இன்று எதெக்வினி என்ற மாநகர சபையின் கீழ் இருக்கிறது. அம்மாநகர எல்லைக்குள் கணிசமான நிலம் சூலு மக்களின் பரம்பரைத் தலைவர்களின் பொறுப்பில் உள்ளது. 1994ல் அமைந்த இங்கொன்யாமா நம்பிக்கை நிதியத்தின் பெயரில் அந்நிலங்கள் இருக்கின்றன. வீடு கட்ட நிலம் வேண்டுபவர் தலைவரிடம் போகிறார். தலைவர் இடம் காட்டுகிறார். வீடு எழும்புகிறது. தண்ணீருக்கும் வீதிக்கும் மக்கள் மாநகர சபையைக் கேட்கிறார்கள். சபையோ, “எங்களைக் கேட்காமல் கட்டினீர்களே” என்கிறது. நமது கதையைப் போலவே இருக்கிறதல்லவா?

தென்னாபிரிக்கா இதற்கு ஒரு வழி தேடியது. 1996ஆம் ஆண்டின் அரசியலமைப்பு பரம்பரைத் தலைமையை அங்கீகரித்தது. 1998ஆம் ஆண்டின் உள்ளூராட்சிச் சட்டம், பரம்பரைத் தலைவர்கள் சபைக் கூட்டத்தில் உட்கார்ந்து பேசலாம், ஆனால் வாக்களிக்க முடியாது என்று வகுத்தது. பேசும் உரிமை வழக்கத்துக்கு, முடிவு செய்யும் உரிமை மக்கள் வாக்குக்கு என்பது அதன் கருத்து.

இதனால் எல்லாம் தீர்ந்துவிடவில்லை. 2022 ஏப்ரலில் டர்பனிலும் சுற்றுப்புறத்திலும் வெள்ளமும் மண்சரிவும் 400 பேருக்கு மேல் பலிகொண்டன. சரிவான நிலத்தில் வீடு கட்ட யார் இடம் கொடுப்பது, யார் தடுப்பது என்ற கேள்வி அங்கேயும் எழுந்தது. இரண்டு அதிகாரங்கள் ஒன்றோடொன்று பேசாதபோது அதன் விலையைக் கொடுப்பவர்கள் சரிவில் குடியிருக்கும் ஏழைகளே.

6. இடம்பெயர்ந்தவர்களுக்கு ஏன் இது உயிர்ப் பிரச்சினை?

2003 மேயிலும் 2017 மேயிலும் இரத்தினபுரி மாவட்டம் வெள்ளத்தாலும் மண்சரிவாலும் தாக்கப்பட்டது. 2016 மே 17ஆம் திகதி அரநாயக்கவில் சாமசர மலை சரிந்து கிராமங்களை மூடியது. அதே நாட்களில் புளத்கொஹுபிட்டியவில் தோட்ட லயமும் மண்ணுள் புதைந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி மலைநாடு முழுவதையும் உலுக்கியது. கிராமத்தவரும் தோட்டத்தவரும் ஒரே மண்ணின் கீழ் மாண்டார்கள்.

ஆனால் எழும்பி நிற்கும்போது வேறுபாடு தெரிகிறது. கிராமத்துக் குடும்பம் ஒன்றுக்குப் பெரும்பாலும் ஏதாவதொரு காணித் தாள் இருக்கிறது. லயத்துக் குடும்பத்துக்கு அதுகூட இல்லை. லயத்தில் இருந்ததற்குச் சாட்சி செக்ரோலில் உள்ள பெயரும் தலைவரின் வாய்ச்சொல்லுமே.

இன்னொன்றும் நடக்கிறது. வழக்கத்தால் வந்த தலைமை இடத்தோடு ஒட்டியது. நாம் வேறு தோட்டத்துக்கோ வேறு கிராமத்துக்கோ போனால், பழைய தலைவரின் சொல் அங்கே செல்லாது. புதிய தலைவருக்கு நம்மைத் தெரியாது. சபைக்கோ, வாக்காளர் இடாப்பில் பெயர் வரும்வரை நாம் அங்கே இல்லாதவர்களே. ஆக, இடம்பெயர்ந்த குடும்பம் ஒரே நாளில் இரண்டு அதிகாரங்களின் நிழலையும் இழக்கிறது. ஆகவேதான் முதல் வாரத்திலேயே பெயரைப் பதிய வேண்டும் என்று வற்புறுத்துகிறோம்.

7. எந்தச் சாவி யாரிடம்?

பின்வருவதைக் கொப்பியில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கிராம உத்தியோகத்தர்: வதிவிடச் சான்று, வாக்காளர் இடாப்பு, அனர்த்தத்தில் பாதிக்கப்பட்டோரின் முதல் விபரம். இவர் மத்திய அரசின் நிர்வாகத்தைச் சேர்ந்தவர். பிரதேச சபையின் ஆள் அல்லர்.

பிரதேச செயலகம்: நிவாரணம், அரச காணி, அஸ்வெசும போன்ற உதவிகள், பிறப்பு – இறப்புப் பதிவு. கிராம உத்தியோகத்தரின் சான்றுக்கு மேலொப்பம் இடுவதும் இங்கேயே.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம்: நாம் இருந்த இடமும் போகப்போகும் இடமும் மண்சரிவு அபாயம் உள்ளவையா என்ற அறிக்கை. இந்த அறிக்கை இல்லாமல் புதிய இடத்தில் அத்திவாரம் வெட்ட வேண்டாம். யார் இடம் காட்டினாலும் சரி.

தோட்ட நிர்வாகம்: குத்தகைக் காணியை விடுவிப்பதற்கான சம்மதம், செக்ரோல் விபரம், தோட்டப் பாதை.

பிரதேச சபை, நகரத்தை அண்டியிருந்தால் இரத்தினபுரி மாநகர சபை அல்லது கேகாலை, பலாங்கொடை நகர சபை: பொது வீதி, தெருவிளக்கு, குப்பை, சிறு குடிநீர்த் திட்டம், மயானம், நூலகம், கட்டட அனுமதி.

தோட்டத் தலைவர், மாதர் சங்கத் தலைவி, கோயில் கமிட்டி, மரண உதவிச் சங்கம்: குடும்பங்களின் சரியான பட்டியல், எல்லோரின் சம்மதம், சிரமதானம், உள்வீட்டுச் சண்டைகளைத் தணித்தல். இவர்களின் கையெழுத்துச் சட்டப் பத்திரமாகாது. ஆனால் இவர்களின் சாட்சியத்தைச் சட்டம் வைத்திருப்பவர்கள் கேட்பார்கள்.

மத்தியஸ்த சபை: 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்தது. அயலவரோடு எல்லைத் தகராறு, சிறு கடன், வாய்ச்சண்டை முதலியவற்றைச் சட்டத்தரணி இல்லாமலே பேசித் தீர்க்கலாம். தலைவர் தீர்க்க முடியாததை அடிதடி வரை கொண்டுபோகாமல் இங்கே கொண்டுபோகலாம்.

8. ஒரு பாதை எப்படி வந்தது?

தோட்டமொன்றில் நடந்ததைப் போன்ற ஒன்றை எடுத்துக்கொள்வோம். அபாய லயத்திலிருந்து எழுப்பப்பட்ட குடும்பங்களுக்கு மேட்டுநிலத்தில் புதிய வீடுகள் கிடைத்தன. ஆனால் பிரதான வீதியிலிருந்து வீடு வரை சேறு. பிள்ளைத்தாய்ச்சியை நாற்காலியில் தூக்கி வந்தார்கள்.

முதலில் தலைவர் துரையிடம் முறையிட்டார். இரண்டு லோட் கல் கிடைத்தது, மழையில் போயிற்று. பிறகு சங்கத்தின் மேலிடத்துக்குச் சொன்னார்கள். வாக்குறுதி கிடைத்தது.

மூன்றாம் முறை வேறுவிதமாகச் செய்தார்கள். கோயில் முன்றலில் கூட்டம் போட்டார்கள். இரண்டு சங்கத் தலைவர்களையும் ஒன்றாக உட்கார வைத்தார்கள். பக்கத்துச் சிங்களக் கிராமத்தின் மரண உதவிச் சங்கத்தையும் அழைத்தார்கள். அவர்களும் அதே பாதையையே பாவிப்பவர்கள். பாதையின் நீளத்தைக் கயிற்றால் அளந்து எழுதினார்கள். ஒரே விண்ணப்பத்தைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி எல்லோரும் கையொப்பமிட்டார்கள். நிர்வாகத்திடமிருந்து ஆட்சேபனை இல்லை என்று கடிதம் வாங்கினார்கள். வட்டார உறுப்பினரின் கையில் கொடுத்து, பிரதி ஒன்றைச் சபைச் செயலாளரிடம் கொடுத்துத் திகதி முத்திரை வாங்கினார்கள்.

பாதை ஒரே வருடத்தில் முழுமையாக வந்துவிடவில்லை. முதலில் பாதித் தூரம் கொங்கிரீட் போடப்பட்டது. மிச்சம் அடுத்த வரவு செலவுத் திட்டத்துக்குப் போனது. ஆனால் இப்போது அது ‘துரை கொடுத்த பாதை’ அல்ல. சபையின் பதிவேட்டில் உள்ள பாதை. துரை மாறினாலும் தலைவர் மாறினாலும் பாதை மாறாது.

இங்கே யார் வென்றது? தலைவரின் வேலையைச் சபை பறிக்கவில்லை. ஆட்களைச் சேர்த்தது அவர்தான். சபையின் வேலையைத் தலைவர் செய்யவும் முயலவில்லை. அவரவர் சாவியால் அவரவர் கதவைத் திறந்தார்கள்.

9. எச்சரிக்கையாக இருக்க வேண்டியவை

வழக்கத்தால் வந்த தலைமையை நாம் மதிக்கிறோம். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு மதிக்க முடியாது. நிவாரணப் பட்டியலில் வேறு சங்கத்துக் குடும்பத்தின் பெயரை விட்டுவிடும் தலைவரும் உண்டு. சாதி பார்த்துக் கோயில் கமிட்டிக்கு ஆள் எடுப்பதும் உண்டு. கொழுந்து பறிப்பதிலும் பால் வெட்டுவதிலும் பாதிக்கு மேல் பெண்கள் உழைக்க, தீர்மானம் எடுக்கும் பாயில் ஆண்கள் மட்டும் உட்காருவதும் உண்டு. உள்ளூராட்சி மன்றங்களில் பெண்களுக்கு 25 வீத இடத்தைச் சட்டம் ஒதுக்கி, 2018 தேர்தலில் அது நடைமுறைக்கும் வந்துவிட்டது. தோட்டக் கமிட்டி அதைவிடப் பின்னால் நிற்கலாமா?

சபையையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. 2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்தது. 2025 மே 6ஆம் திகதி தேர்தல் நடக்கும்வரை மக்கள் பிரதிநிதிகள் இல்லாமல் உத்தியோகத்தர்களே சபைகளை நடத்தினார்கள். அந்த இரண்டு ஆண்டுகளில் தோட்டத்து மக்களின் குரலைக் கொண்டுபோனவர்கள் தலைவர்களும் சங்கங்களுமே. ஆக, ஒன்று விழும்போது மற்றது தாங்க வேண்டும். ஒன்றை அழித்து மற்றதை வளர்க்கக் கூடாது.

10. நாம் செய்யக்கூடியவை

முதலாவது: புதிய இடத்துக்கு வந்தவுடன் கிராம உத்தியோகத்தரிடம் பதியுங்கள். வாக்காளர் இடாப்பில் பெயர் இருக்கிறதா என்று ஆண்டுதோறும் பாருங்கள்.

இரண்டாவது: உங்கள் வட்டாரத்தின் இலக்கத்தையும் உறுப்பினரின் பெயரையும் அறிந்து வையுங்கள். அவர் நமது மொழி பேசாதவராக இருந்தாலும் அவர் நமது உறுப்பினரே.

மூன்றாவது: பிரதேச சபை தனது குழுக்களில் உறுப்பினர் அல்லாத பிரதேசவாசிகளையும் சேர்த்துக்கொள்ளச் சட்டத்தில் இடமுண்டு. தோட்டத் தலைவர் ஒருவரையும் பெண் ஒருவரையும் இடம்பெயர்ந்த குடும்பங்களின் பிரதிநிதி ஒருவரையும் சேர்க்கும்படி எழுத்தில் கேளுங்கள். டர்பனில் சட்டம் போட்டுச் செய்ததை நாம் ஒரு கடிதத்தில் தொடங்கலாம்.

நான்காவது: வரவு செலவுத் திட்டம் தயாராகும் காலத்துக்கு முன்பே விண்ணப்பத்தைக் கொடுங்கள். மார்கழியில் கேட்டால் அடுத்த வருடமும் போய்விடும். ஆடி, ஆவணியிலேயே கொடுங்கள்.

ஐந்தாவது: பதில் வராவிட்டால் 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேளுங்கள். பிரதேச சபைக்கும் பிரதேச செயலகத்துக்கும் அது பொருந்தும். 14 வேலை நாட்களுக்குள் பதில் தர வேண்டும்.

ஆறாவது: எதையும் வாயால் மட்டும் சொல்லாதீர்கள். பிரதி எடுத்து, திகதி முத்திரை வாங்கி, ஒரு பொலித்தீன் பையில் சுற்றி வையுங்கள். மழை வரும்போது முதலில் எடுத்துக்கொண்டு ஓட வேண்டிய பை அதுவாக இருக்கட்டும்.

குழுவாகக் கலந்துரையாட

அ. நமது தோட்டத்தில் அல்லது முகாமில் கடந்த ஆண்டு தீர்ந்த மூன்று பிரச்சினைகளைச் சொல்லுங்கள். அவற்றை யார் தீர்த்தார்கள்? தலைவரா, நிர்வாகமா, சபையா?

ஆ. தீராமல் இருக்கும் மூன்றைச் சொல்லுங்கள். அவற்றின் சாவி உண்மையில் யாரிடம் இருக்கிறது? நாம் இதுவரை யாரிடம் கேட்டோம்?

இ. நமது கோயில் கமிட்டியும் மரண உதவிச் சங்கமும் ஆண்டுக் கணக்கை எல்லோர் முன்னும் வாசிக்கின்றனவா?

ஈ. பக்கத்துச் சிங்களக் கிராமத்தோடு சேர்ந்து கேட்கக்கூடிய பொதுத் தேவை ஒன்று எது?

தொடக்கத்தில் பார்த்த குடும்பத்தின் விண்ணப்பத்துக்குத் திரும்புவோம். அந்தத் தாள் ஒன்றல்ல, மூன்றாக எழுதப்பட வேண்டியது. காணிக்காகப் பிரதேச செயலகத்துக்கு ஒன்று, சம்மதத்துக்காக நிர்வாகத்துக்கு ஒன்று, பாதைக்கும் தண்ணீருக்குமாகப் பிரதேச சபைக்கு ஒன்று. மூன்றிலும் தலைவரின் சாட்சிக் கையொப்பம். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொரு குடும்பமும் கொப்பியும் பேனையும் கொண்டுவாருங்கள். எழுதத் தெரியாதவர்களுக்கு நம் பிள்ளைகள் எழுதித் தருவார்கள்.